பிரிக்காத மூன்றாவது உறை

என் மேசை இழுப்பறையில் அரக்கு வைத்து ஒட்டிய பழுப்பு உறை ஒன்று இருக்கிறது. மேலே 'பழைய செம்பு, விலைப்புள்ளி 3' என்று என் கையெழுத்து. பதினோரு ஆண்டுகளாக அதை யாரும் பிரிக்கவில்லை. அரசுப் பண்டகசாலை ஒன்றில் கழிவுப் பொருள்களை ஏலம் விட்டே ஓய்வு பெற்றவன் நான். பிரிக்காத உறை கோப்பில் கிடப்பது எத்தகைய குற்றம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அண்ணன் தென்காசியில் மோட்டாருக்குக் காயில் கட்டும், அதாவது செம்புக் கம்பிச் சுற்று போடும், கடை வைத்திருந்தார். வீரகேரளம்புதூர், ராயகிரி வரையில் கிணற்று மோட்டார் எரிந்தால் அவரிடம்தான் வரும். ஒரு வைகாசிக் காலையில் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மதினிக்கு மிஞ்சியது கடையின் பின்கட்டில் பதினான்கு சாக்குகளில் கிடந்த பழைய செம்பு. குடியிருப்பு கடைக்கு மேல் மாடி. கட்டடக்காரர் ஆடி பிறப்பதற்குள் இரண்டையும் காலி செய்யச் சொன்னார். என் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்தோம். மதினி வந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், திரும்பிப் போய்விட்டார்.

"இலத்தூர்ல ஒரு சின்ன வீடு வாடகைக்கு இருக்கு தம்பி. இந்தக் காப்பர வித்தா அட்வான்ஸ் குடுத்திரலாம். நல்ல வெல வரணும்" என்று மட்டும் சொன்னார். தன் வீட்டில் இருப்பதா, என் வீட்டு அறையில் இருப்பதா என்பதை அந்தச் சாக்குகள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நல்ல விலைக்கு வழி தெரிந்தவன் நான் இருக்கும்போது அவருக்கு என்ன கவலை? இரண்டு பக்கத்துக்கு நிபந்தனைகள் தட்டச்சு செய்தேன். மூன்று பழைய இரும்பு வியாபாரிகளிடம் மூடிய உறையில் விலை கேட்டேன். பொருளுக்கு உரியவர் முன்னிலையில் மட்டுமே உறைகள் பிரிக்கப்படும் என்பது ஏழாவது நிபந்தனை. அதை எழுதியபோது எனக்கே என்மேல் மரியாதை கூடியது.

குறித்த நேரத்தில் மூவரும் ஒரே லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். முதல் உறையைப் பிரித்தேன். இரண்டாவதிலும் அதே விலை, பைசா பிசகாமல். அட்வான்ஸில் முக்கால் பங்குகூடத் தேறாது. மூன்றாவதை எடுத்தபோது மதினி குறுக்கே கை நீட்டினார்.

"அதப் பிரிக்காதீங்க தம்பி. தெரிஞ்சதுதான." பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "காப்பி குடிச்சிட்டுப் போங்க. இன்னைக்கு விக்கலை" என்றார்.

அவர்கள் போனபின் என்னிடம் கோபமில்லாமல் சொன்னார்: "மூணு பேர ஒண்ணா உக்கார வச்சா ஒரே வாய்தான் பேசும். சாக்குலயும் எல்லாம் கலந்துல்லா கெடக்கு."

சாரல் பிடித்திருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் கூட்டம் கடை வாசலைத் தாண்டிக்கொண்டே இருந்தது. மதினி உள்ளே உட்கார்ந்து, சாக்குகளில் கலந்து கிடந்த பழைய கேபிள்களின் பிளாஸ்டிக் மேலுறையை ஒன்பது நாள் உரித்தார். எரிந்த காயில் ஒரு பக்கம், கெட்டிக் கம்பி ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம். குவியல் குவியலாகக் காந்தம் ஓட்டி இரும்புத் துணுக்கைப் பொறுக்கினார். மேலுறையை எரித்துவிட்டால் அரை நாள் வேலை என்றேன். "எரிச்சா கருத்துப் போவும். கருத்தத மொதத் தரம்னு எவன் எடுப்பான்? ஒங்க அண்ணன் உரிச்சுத்தான் போடுவாவ" என்றார். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

வியாபாரிகளைத் தனித்தனி நாளில் வரச்சொன்னார். கடைசியாக வந்தவர் அந்த மூன்றாவது உறைக்காரரான பாய். தன் தராசோடு இறங்கினார். மதினியோ பக்கத்து அரிசிக் கடைத் தராசை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

"என்ன மதினி, என்னைய நம்பலையா?"

"ஒங்கள நம்புதேன் பாய். ஒங்க தராசுக்குத்தான் என்னைய யாருன்னு தெரியாது."

பாய் சிரித்துவிட்டார். அரத்தால் சுரண்டிப் பார்த்தார், சாக்குக்குச் சாக்கு காந்தத்தை விட்டுப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. "நீங்க யாவாரத்துக்கு வந்தா நாங்க துபாய்க்குத்தான் போவணும்" என்று ஒரு விலை சொன்னார். மதினி பிரித்த சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினார். "மத்த ரெண்டு பேரும் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க பாய்" என்றார். பாய் இரண்டு முறை ஏற்றினார். உறைகளில் கண்டதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்தது; அட்வான்ஸுக்குப் போதும். நான் ரசீது எழுதினேன், அதற்காவது பயன்பட்டேன்.

கடைசிச் சாக்கைத் தூக்க வந்தபோது மதினி அதன்மேல் கை வைத்தபடி நின்றார். "அவுக கையால கட்டுன காயிலு, எரிஞ்சு திரும்பி வந்ததும் இதுல கெடக்கும்" என்றார். ஆள்கள் காத்திருந்தார்கள். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

இலத்தூர் வீட்டுச் சாவியைப் பதினோரு ஆண்டுகள் தன் இடுப்பில்தான் செருகியிருந்தார். போன ஐப்பசியில், அந்த வீட்டிலேயே இறந்தார். சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து, முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று மாலை மூன்றாவது உறையை வெளியே எடுத்தேன். கோப்பை முடிக்க வேண்டுமல்லவா? பிளேடைக்கூட எடுத்துவிட்டேன். பிறகுதான் ஏழாவது நிபந்தனை நினைவுக்கு வந்தது. பொருளுக்கு உரியவர் முன்னிலையில் மட்டும். உறையை இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினேன்.