பேக்கரி பேக்கரியாக அண்ணியோடு

வெண்ணெய் பன்னை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் கையில் வைத்தாள் அண்ணி. சின்னப் பாதியின் ஓரத்தை எலி கொறிப்பதுபோல் கொஞ்சம் கடித்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். ராயபுரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருமுனையில் இருந்த அந்த பேக்கரியின் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் இறங்கவில்லை. கடைசியில் முந்தானையில் துப்பி மடித்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி?"

"பஞ்சு மாதிரி கீது."

குரலில் குறை இல்லை, வருத்தமும் இல்லை. வெயிலடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் அண்ணன் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வேலையில் இருந்தான். ஒருநாள் சரக்கைத் தூக்கிய கம்பிக்கயிறு அறுந்து எல்லாமே அவன்மேல் விழுந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகும் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை; ஒருவர்மேல் ஒருவர் படாமல் நடக்கப் பழகியிருந்தோம். நான் அழுது முடித்திருந்தேன். முடித்த பிறகு உள்ளே ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி. அண்ணியோ அழவே இல்லை. சோற்றைப் பிசைவாள், பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள்.

வயிற்றுப் பிள்ளை வளரவே இல்லை என்று பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா கடிந்துகொண்டதற்கு மறுநாள் காலையில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எங்கனா கூட்டினு போ. அவ வாய்க்கு எது புடிக்குதோ அத வாங்கிக் குடு. கல்யாணமான புதுசுல கேக்கு, பிஸ்கோத்துன்னா உசுர வுடுவா. அவளுக்கு வாணாம்னா போவுது, வவுத்துல கீறதுக்காவது துன்னட்டும்."

நாங்கள் படியிறங்கும்போதே எதிர்வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். "துக்கச் சேலைகூட இன்னும் மாத்தல. அதுக்குள்ள ஊர் சுத்தக் கெளம்பிட்டாளா?"

அம்மா வாசலுக்கே வந்து நின்றாள். "ஆமா, நான்தான் அனுப்புறேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல நடந்தாள்.

முதல் பேக்கரியில் பன் தோற்றது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பிளம் கேக் வாங்கினேன். அதன் மேலிருந்த முந்திரியை மட்டும் எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். அடுத்த கடையில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த தேங்காய் பன். வாசனையே ஊரைக் கூட்டியது. எனக்கு வாய் ஊறியது, ஊறியதற்காக வெட்கமாகவும் இருந்தது. கடைக்காரர் ஆசையாக, "எப்பிடிம்மா கீது?" என்று கேட்டார். "நல்லா கீதுண்ணா" என்றாள். அவள் இன்னும் அதைக் கடிக்கவே இல்லை. தின்னாததையெல்லாம் நான் காகிதப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தேன். பை கனத்தது, அடியில் எண்ணெய் ஊறியது. அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை.

"கடல் பக்கமா போலாம்" என்றாள். அன்றைக்கு அவளாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

கடலைப் பார்த்தபடி காசிமேட்டுப் பக்கம் அப்போது வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள் இருந்தன. சங்கு, சோழி, கண்ணாடி வளையல், கப்பலிலிருந்து கழித்துப் போட்ட எனாமல் கோப்பைகள், கம்பளிகள், ஓடாத சுவர்க்கடிகாரங்கள். அண்ணி ஒவ்வொரு கடையிலும் நின்றாள். ஒரு கோப்பையை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். வளையலைப் போட்டுப் பார்ப்பாள், கழற்றுவாள். எதையும் விலை கேட்கவில்லை. நானும் பின்னாலேயே நடந்தேன். கடல் இரைந்துகொண்டிருந்ததாகத்தான் இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் நினைவில் இல்லை.

கடைசிக் கடை கயிறும் வலையும் விற்கிற கடை. வாசலில் ஒரு கம்பிக்கயிறு வளையம் வளையமாகச் சுருட்டி வைத்திருந்தது. அண்ணி குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். நான் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். பையைப் பிடித்தபடி நின்றேன்.

"இது எவ்ளோ வெயிட்டு தாங்கும்?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் உற்சாகமாக வந்தார். "யானையே தூக்கலாம்மா. அறுந்துச்சுன்னா என்னாண்ட கொண்டா, புதுசு தரேன்."

"அப்டியா" என்றாள் அண்ணி. தலையை ஆட்டினாள். கையில் ஒட்டிய கிரீஸைச் சேலையில் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த கருங்கல் ஒன்றில் உட்கார்ந்து பையைக் கேட்டாள். கொடுத்தேன். கடித்த பன், முந்திரி போன கேக், ஆறிய தேங்காய் பன் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னத் தொடங்கினாள். நிறுத்தவில்லை. வேகமும் இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடிப்பவள்போலத் தின்றாள். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை.

"நல்லா கீதா அண்ணி?"

"தெரில. எறங்குது."

அதன் பிறகு தினமும் அப்படியே தின்றாள். பிறந்தது பெண். எடை குறைவு, ஆனாலும் தங்கிவிட்டது. அண்ணி எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து மகளைப் படிக்க வைத்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் மறுபடி கேட்க, அந்தக் குழந்தை பேசத் தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் கடைகள் இல்லை. கடலோர ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கின்றன. அண்ணி விம்கோ நகரில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது ஏதோ பேச்சில், "பேக்கரி பேக்கரியா சுத்தினோமே, ஞாபகம் கீதா?" என்று கேட்டேன். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"நாமளா? எப்போ?"

சொன்னேன். எதிர்வீட்டுக்காரி, அம்மா போட்ட சண்டை, பிளம் கேக், வளையல்கள். வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல மோவாயில் கை வைத்து ஆர்வமாகக் கேட்டாள். கயிற்றுக் கடைக்கு வந்ததும் என் பேச்சு நின்றது.

"அப்பால?" என்றாள்.

"அப்பால இன்னா, வூட்டுக்கு வந்துட்டோம்" என்றேன்.