மழை ஊரில் ஓர் உடை மரக்கன்று

கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமயில் எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த டீச்சர் மன்னார்க்காரர். பொங்கல் லீவு முடிந்து வந்தபோது அவர் பையில் காய்ந்த நெற்றுகள் சில இருந்தன. அவர்கள் வீட்டு வாசல் படலையடியில் நின்ற உடை மரத்தினுடையவை. வீதியை அகலமாக்க மரத்தைத் தறித்துவிட்டார்களாம்.

“நிழல் போயிட்டுது” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அது போதும். மாதக்கணக்கில் மழை எட்டிப்பார்க்காத மணலில் குடை விரித்தது மாதிரி நிற்கும் முள்மரம்! போனில் படத்தைப் பார்த்ததுமே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தாவரவியல் படிக்கிறேன் என்ற தைரியம் வேறு. விதைகளை வெந்நீரில் ஊறவைத்து, ஆற்று மணலில் ஓட்டுத் துண்டுகள் கலந்து, எல்லாவற்றையும் நட்டேன். முளைத்தது ஒன்றுதான். தறித்த மரத்தில் இனி மிச்சம் அந்த ஒன்று.

மொட்டைமாடியில் வெயில் விழும் மூலையில் அதை வைத்துவிட்டுப் பரீட்சைக்காக ஹொஸ்டலுக்குப் போனேன்.

அம்மா தோட்டத்துத் தேயிலை நர்சரியில் வேலை செய்தவர். வெயிலில் ஒரு கன்று தனியாக நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. நான் திரும்பி வந்தபோது கன்று குசினிக்குப் பின்னால், தேயிலை நாற்றுக்குப் போடுவது போன்ற பெரணித் தழைப் பந்தலுக்குள், சொதசொதவென்று நின்றது. இலையெல்லாம் மஞ்சள். நுனியைக் காணோம்.

“நுனிய யாரும்மா கிள்ளுனது?”

“நாந்தான். கிள்ளுனாத்தானே பக்கத்துல கெள அடிக்கும்?”

“இது தேயில இல்லம்மா!”

“எதுவா இருந்தா என்னா? காஞ்சு கெடந்துச்சு புள்ள. பாவமா இருந்துச்சு.”

நான் கத்திய சத்தத்தில் டீச்சர் இறங்கி வந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஈர மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஐயோ அக்கா, அங்க எங்களுக்குக் குடிக்கவே இவ்வளவு தண்ணி இல்ல!”

அம்மா சிரிக்கவில்லை. மரத்தைத் தறித்த கதை, நான் கத்தியதிலிருந்து, அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரணித் தழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார்.

அழுகிய வேர்களை வெட்டிவிட்டுக் காய்ந்த மணலுக்கு மாற்றினோம். அதற்குள் சித்திரை மழை வந்துவிட்டது, மத்தியானம் தவறாமல். ஒருநாள் பஸ்ஸிலிருந்து ஓடிவந்து பார்த்தால், மொட்டைமாடியில் அம்மா தான் நனைந்தபடி கன்றுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“கீழ எறக்கி வச்சா என்னாம்மா?”

“வெயில் வந்ததும் அதுக்கு வெயில் வேணுமில்ல?”

கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு தளிர்கள் வந்திருந்தன. “நா சொன்னேன்ல” என்றார்.

எங்கள் முற்றத்திலேயே வளர்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் இந்த ஊர் மழைக்கு எத்தனை வருடம்தான் குடை பிடிப்பது? ஆகஸ்ட் லீவில் டீச்சரிடமே கொடுத்தோம். கண்டி பஸ் ஸ்டாண்டில், ஜன்னலோரத்தில் மடியில் கன்றோடு அவர் உட்கார்ந்திருக்க, அம்மா கீழே நின்று கண்டிப்பாகச் சொன்னார்:

“டீச்சர், பாவம்னு நெனச்சுத் தண்ணிய ஊத்திராதீங்க.”

“ஓம் அக்கா, ஊத்தமாட்டன்.”

கன்று இப்போது புதிய படலையடியில், ஆடு கடிக்காமல் வலைக்கூண்டுக்குள் நிற்கிறது. டீச்சரும் மாற்றலாகி ஊருக்கே போய்விட்டார். இங்கே மழை கொட்டினால் போதும், அம்மா போனை எடுத்துவிடுவார்.

“டீச்சர், அங்கயும் மழையா?”

“எங்கயக்கா... ஒரு துளி இல்ல.”

“அப்பாடா” என்பார் அம்மா.