கொடிக்கயிறு தொய்ந்த நாள்

புது வீட்டில் அம்மாவுக்கு எல்லாமே பிடித்திருந்தது, பின்பக்கத்தைத் தவிர. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஒரு சிறு குன்றின் அடிவாரத்தை வெட்டி மனை போட்டிருந்தார்கள். எங்களுடையது கடைசி வரிசை. இடம் போதாமல் குன்றை இன்னும் கொஞ்சம் வெட்டி வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தார் அப்பா. வெட்டிய மேடு அவர் தலைக்கு மேலே, செக்கச்செவேலென்று, தோல் உரித்ததுபோல நின்றது. மேட்டுக்கும் எங்கள் பின்சுவருக்கும் நடுவே நாலு பேர் உரசாமல் நடக்கலாம். அவ்வளவுதான் இடைவெளி.

அம்மா மாமல்லபுரத்தை அடுத்த ஒரு குப்பத்தில் பிறந்தவள். தரை என்றால் தட்டையாக இருக்கும், தண்ணீர் என்றால் முன்னாலிருந்து வரும் என்பதே அவளுக்குத் தெரிந்த உலகம். முதுகுக்குப் பின்னால் ஒரு மேடு நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. பாத்திரம் துலக்கும்போதுகூட பாதித் திரும்பியே உட்கார்ந்திருப்பாள்.

"மழை வர்றதுக்குள்ள செவுரு கட்டி, மேல உனக்குத் தோட்டம் போட்டுத் தரேன்" என்றார் அப்பா. வீட்டைக் கட்டிய மேஸ்திரி அதற்குள் வேறு ஊரில் வேறு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அதனால் என்ன, சுவர்தானே, நாமே கட்டலாம் என்பது அப்பாவின் முடிவு. அவர் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். காலையில் ஆட்களை இறக்கிவிட்டு மாலை வரை காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் சுவர் கட்டும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர், வியர்வையே இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையில் கல்லை அடுக்கிக்கொண்டிருப்பார். மண்ணும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

உதவிக்கு வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. படகில் போகாத நாட்களில் பைக்கில் ஒரு பை மீனோடு வந்து இறங்குவார். அப்பா, அம்மா கல்யாணத்தை இரண்டு குடும்பமும் ஏற்றுக்கொள்ளவில்லை. கருங்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்குக் கடலோரத்துப் பெண் ஆகவில்லை. அவர்களுக்கு இவர் ஆகவில்லை. படூரில் வாடகை வீட்டில் நாங்கள் இருந்தவரை வந்துபோன ஒரே சொந்தம் மாமாதான். அதனால் சுவரைப் பற்றி அவர் எது சொன்னாலும் அப்பாவால் மறுக்க முடியவில்லை.

"மச்சான், எங்க ஊர்ல கல்லு கொட்டி கடலயே நிறுத்திக்கினு கீறோம். இந்த மண்ணு இன்னா பெரிய மண்ணு?" என்பார். கடல் ஒவ்வொரு வருடமும் அந்தக் கல்லைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தது. அதை அப்போது யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

விடுமுறை நாட்களில் வேலை நடந்தது. கருங்கல் ஒரு லாரி வந்து தெருவிலேயே கொட்டிவிட்டுப் போனது. அப்பா கலவை போட, மாமா கல் வைக்க, அம்மா பாண்டுச் சட்டியில் கலவை சுமந்தாள். நான் சின்னச் சின்னச் சில்லுகளைப் பொறுக்கி சந்துகளில் செருகினேன். கடைக்கால் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. பாறை தட்டியதும் அந்த வாக்குவாதம் தானாக முடிந்தது. சுவர் அப்பாவின் தோள் உயரத்துக்கு எழும்பியதும் மாமா முழுக்கப் பூசிவிட்டார். "ஒரு சொட்டுத் தண்ணி இந்தப் பக்கம் வராது. வந்தா எம்பேரு மாத்து" என்றார். அப்பா அதைக் கையால் தடவிப் பார்த்தார். கன்னம்போல வழவழவென்று இருந்தது. அவர் வாழ்க்கையில் தன் கைகளாலேயே கட்டிய முதல் பொருள் அது. அன்று மாலை வேனைத் துடைக்கக்கூட மறந்து சுவரையே பார்த்தபடி டீ குடித்தார்.

சுவருக்குப் பின்னால் மண் நிரப்பி அம்மா கருவேப்பிலையும் கனகாம்பரமும் வைத்தாள். சுவரில் ஒரு கொக்கியும் வீட்டுப் பின்சுவரில் ஒரு கொக்கியும் அடித்து நைலான் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினாள். துணி காயப்போட இடம் கிடைத்தது. பின்பக்கத்தோடு அவள் ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முதலில் சாதாரணமாகப் பெய்து, பிறகு நிற்காமல் பெய்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். கம்பெனிக்காரர்களுக்கு விடுமுறை கிடையாது, ஆகவே அப்பாவுக்கும் கிடையாது. அம்மா துணிகளை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள். பின்பக்கம் போகும்போதெல்லாம், "இந்தக் கயிறு இன்னாத்துக்கு இப்பிடி தொங்குது?" என்று அலுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்து இழுத்துக் கட்டுவாள். மறுநாள் போனால் மறுபடியும் தொய்ந்திருக்கும். மலிவான கயிறு, மழையில் நீண்டுவிட்டது என்று கடைக்காரரைத் திட்டினாள்.

அன்று அப்பா வேலைக்குக் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. என் தம்பி அப்போதுதான் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தான். பின்னறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா பின்கதவைத் திறந்து வெளியே போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். மழையில் நனைந்தபடி கயிற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் மாலைதான் இழுத்துக் கட்டிய கயிறு, நடுவில் என் தலை இடிக்கும் அளவுக்குத் தொங்கியது. அம்மாவின் கண் கயிற்றிலிருந்து கொக்கிக்குப் போயிற்று. கொக்கியிலிருந்து சுவருக்கு. மாமா பூசிய வழவழப்பின் நடுவே, குறுக்காக, தலைமுடிபோல ஒரு விரிசல். அதிலிருந்து செந்நீர் பூவாளியில் வருவதுபோலப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"கயிறு நீளல" என்றாள் அம்மா மெதுவாக. "செவுரு நம்மகிட்ட வந்துகினு கீது."

அதற்குப் பிறகு அவள் நடக்கவே இல்லை, ஓடினாள். தம்பியைப் பாயோடு வாரிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். எதிர்வீட்டு அக்கா தம்பியை வாங்கிக்கொண்டு, "நீயும் இங்கயே இரும்மா, வூட்டுக்காரர் வரட்டும்" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா அவள் போனிலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டாள். எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. அவ்வளவு சத்தமாகப் பேசினார்.

"வெளிய வந்துடு. செவுர மட்டும் தொடாத. நான் வந்துகினே கீறேன். தொடாத, சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றாள் அம்மா. போனை அக்காவிடம் கொடுத்தாள். நேராக எங்கள் வீட்டுக்குப் போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த கடப்பாரையை எடுத்தாள்.

நான் பின்னாலேயே வந்துவிட்டிருந்தேன். போ என்று விரட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டின் பக்கவாட்டில், மேட்டுக்கும் சுவருக்கும் எட்டாத தூரத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இங்கேர்ந்து ஒரு அடி நகரக்கூடாது. அந்தக் கயித்தையே பாரு. என்னைப் பாக்காத, கயித்தைப் பாரு. அது எறங்குச்சின்னா கத்து."

"எதுக்கும்மா ஒடைக்கிற? அப்பா திட்டுவாரு."

"உள்ள தண்ணி ரொம்பிக்கினு கீது. அதுக்குப் போவ வழி இல்ல. வழி உடலன்னா வூட்டத் தள்ளிக்கினு போவும். வூடு போச்சுன்னா எங்க போறது, படூருக்கா?"

முதலில் சுவரின் ஓரத்தில், வெளியே நின்றபடியே, தரைக்குச் சற்று மேலே குத்தினாள். மாமாவின் பூச்சு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. கடப்பாரை வழுக்கிக்கொண்டு போனது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் குத்தினாள். திடீரென்று ஒரு சில்லு தெறித்தது, அதன் பின்னாலேயே குழாய் உடைந்ததுபோலச் செந்நீர் பாய்ந்து எங்கள் பின்சுவரில் மோதிச் சிதறியது. அம்மாவின் சேலை முழுவதும் சிவந்தது. தண்ணீர் வேகம் குறையவே இல்லை. அந்த மேட்டுக்குள் ஒரு ஏரியே இருந்தது போலிருந்தது.

ஒரு துளை போதவில்லை. விரிசல் நடுவில்தான் அகலமாக இருந்தது. அம்மா இடைவெளிக்குள் நுழைந்தாள். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் சாய்ந்து வரும் சுவர். மூன்றாவதாக அங்கே எதற்கும் இடமில்லை. எனக்குக் கயிற்றைப் பார்ப்பது ரொம்பக் கடினமாக இருந்தது. கயிற்றுக்கு நேர் கீழே அம்மாவின் முதுகு.

காற்று அடித்தது. கயிறு அசைந்தது. நான் கத்திவிட்டேன். அம்மா கடப்பாரையோடு பாய்ந்து வெளியே வந்தாள். திரும்பிப் பார்த்தாள். கயிறு ஆடி ஆடி அதே இடத்தில் நின்றது.

"காத்துடி அது! ஆடறது வேற, எறங்கறது வேற. நல்லா பாரு" என்று திட்டிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள்.

இனி கத்தினால் அவள் நம்புவாளா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கயிற்றில் ஒரு துணிக் கிளிப் மாட்டியிருந்தது, நீல நிறம். கயிற்றை விட்டுவிட்டு அந்தக் கிளிப்பையே பார்த்தேன். அதற்குப் பின்னால் சன்னலின் இரண்டாவது கம்பி தெரிந்தது. கடப்பாரை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னொரு இடத்தில் தண்ணீர் பீறிட்டது. அம்மா இருமினாள். கிளிப் இரண்டாவது கம்பியில் இருந்தது. கொஞ்சம் கீழே வந்தது. ஆடவில்லை. இன்னும் கீழே வந்தது.

"அம்மா!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்தாள். வந்து என்னைத் தொட்டியோடு சேர்த்து அணைத்த அதே நேரத்தில் சுவரின் நடுப்பகுதி முட்டி போடுவதுபோல மடங்கி விழுந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. லாரியிலிருந்து கல் இறங்குகிற சத்தம்தான். அதன்மேல் மண் இறங்கியது, கருவேப்பிலைச் செடி நின்றபடியே இறங்கியது. பின்னறைச் சன்னல் கண்ணாடி நொறுங்கியது. சேறு சன்னல் கம்பிவரை ஏறி, அங்கே நின்றுவிட்டது. சுவரின் இரண்டு ஓரங்களும் விழவில்லை. துளைகள் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வீடு அசையவில்லை.

அம்மா என்னை விடாமல் பிடித்திருந்தாள். "பாத்தியா?" என்று மட்டும் சொன்னாள். எதை என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா கம்பெனி வேனிலேயே வந்தார். வேனை நடுத்தெருவில் கதவு திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். வாசற்படியில் தலையிலிருந்து கால்வரை சிவந்துபோய் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு கணம் அவர் அது என்ன சிவப்பு என்று புரியாமல் நின்றார். "புள்ளைங்க?" என்றார். அம்மா எதிர்வீட்டைக் காட்டினாள். தம்பியிடம் போயிருந்த நானும் அங்கிருந்து கையை ஆட்டிவிட்டு ஓடி வந்தேன். அதற்குப் பிறகுதான் பின்பக்கம் போனார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"தொடாதன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க."

"சரின்னு சொன்ன."

"சொன்னேன்."

அவ்வளவுதான். அவர் வேனை ஓரம் கட்டப் போனார். அவள் குளிக்கப் போனாள்.

மழை முடியும்வரை புதிதாக எதுவும் கட்ட முடியாது. மாமா வந்து சாக்குகளில் மணல் நிரப்பி அடுக்கினார். எங்களைக் குப்பத்துக்கே வந்துவிடச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டாள். கடலும் அப்போது கல்லைத் தாண்டிக் குப்பத்துக்குள் வந்திருந்தது. தை பிறந்த பிறகு வேறு சுவர் கட்டினார்கள். உயரம் குறைவாக, இரண்டு படிகளாக, பின்னால் ஜல்லி கொட்டி, வரிசையாகக் குழாய் வைத்து. ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் வருகிறதா என்று அம்மா மேலிருந்து குடம் குடமாக ஊற்றிப் பார்த்தாள். இரண்டு ஆண்களும் கீழே நின்று, வருது, வருது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய அந்த மழைநாட்கள்தான் எனக்கு அதிகம் நினைவில் இருக்கின்றன. அதுவரை நாங்கள் நாலு பேரும் பின்னறையில் ஒன்றாகத்தான் படுப்போம். அந்த நாளுக்குப் பிறகு அப்பா, அம்மாவையும் எங்களையும் முன்கூடத்துக்கு, வாசல் கதவை ஒட்டி மாற்றிவிட்டார். தன் பாயை மட்டும் பின்னறையில் விரித்துக்கொண்டார். கண்ணாடி போன சன்னலுக்கு அட்டைகூட வைக்கவில்லை. சாரல் முகத்தில் அடிக்க, கையெட்டும் இடத்தில் டார்ச்சை வைத்துக்கொண்டு, சன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்தார். காலையில் கண்கள் சிவந்திருக்கும். அந்தக் கண்களோடு வேன் எடுக்கப் போவார்.

எனக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. ஆசையாகக் கட்டிய சுவரை அம்மா உடைத்துவிட்டாள். அப்பா அவளோடு டூ விட்டுவிட்டார். என் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா இப்படித்தான் முதலில் தனி அறையில் படுத்து, பிறகு தனி ஊருக்கே போய்விட்டார். மாமாவிடம் போனில் சொல்லி அழுதேன். அவர், "அதெல்லாம் இல்ல பாப்பா" என்றார். பிறகு பேச்சை மாற்றி, தம்பி நடக்கிறானா என்று கேட்டார். பெரியவர்கள் உண்மையை மறைக்கும்போது அப்படித்தான் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் மழை வலுத்தது. அப்பா சாப்பிட்டுவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு பின்னறைக்குக் கிளம்பினார். நான் போய் அறை வாசலில் நின்றேன்.

"உங்களுக்கு அம்மா மேல கோவமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாக, கூடத்தில் தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள்.

"ஆமா, ரொம்பக் கோவம்" என்றார் அப்பா. "மழை நின்னா சரியாயிடும். நீ போய் அம்மா பக்கத்துல படு. இந்த ரூமுக்கு மட்டும் வராத."

நான் போய்ப் படுத்துக்கொண்டேன். எப்படியாவது சீக்கிரம் சமாதானம் ஆக வேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொண்டேன். மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.