மயில்துத்தமும் சுண்ணாம்பும்

என் வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. புறா அடையும் பழைய காப்பிக் கிடங்கைக் கூட்டப் போகாதீர்கள் என்றேன், போனார். தலைவலி என்று படுத்தபோது டாக்டரிடம் போகலாம் என்றேன், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கிடந்தார். கழுத்து விறைத்து, என்னையே யாரென்று கேட்ட பிறகுதான் ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான செம்மநத்தத்திலிருந்து ஜீப் பிடித்து சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றிப் பூஞ்சை. புறா எச்சத் தூசியில் வந்திருக்கும் என்றார்கள்.

"ஒரு மருந்து மட்டும் குடுத்தா பூஞ்சை அதுக்குப் பழகிக்கும்மா. ரெண்டும் சேர்ந்தே போகணும்" என்றார் டாக்டர். ஒன்று நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கும் ஊசி. அது இறங்கினால் கட்டிலே ஆடும்படி குளிர்காய்ச்சல் வரும். மற்றது பம்பாயிலிருந்து வரவழைத்த மாத்திரை. தினமும் நாலு வேளை.

ரெண்டு மருந்து எதற்கு என்று இவர் முரண்டு பிடித்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க, காப்பி இலையில துரு நோய் வந்தா மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்துதான அடிக்கிறீங்க? வெறும் துத்தம் இலையக் கருக்கிடுமில்லீங்க? இதும் அப்படித்தான்."

தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வாரங்களில் தெளிந்தார். ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி நாளில் ஏற்காடு வந்து சேலம் பஸ் ஏறுவோம். தினமும் போடவேண்டிய மாத்திரையை அவரே எடுத்துக்கொள்வார். நன்றாகத்தான் சாப்பிட்டார், தோட்டத்தைச் சுற்றி வந்தார். ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. வெயில் முகத்தில் பட்டால் புருவத்தைச் சுளிப்பார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

ஒரு காலை, நான் இரண்டு பேராகத் தெரிகிறேன் என்றார். ஓடிப்போய் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். தீர்ந்திருக்க வேண்டியதில் பாதி அப்படியே இருந்தது. டப்பாவை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஊசி இல்லாத நாளைக்கு மாத்திரை எதுக்கு புள்ள? வெறும் சுண்ணாம்ப யாரு செடிக்கு அடிப்பா?" என்றார், சாதாரணமாக.

சேலத்தில் மறுபடி முதுகில் நீர் எடுத்தார்கள். பூஞ்சை பெருகியிருந்தது. அந்த மாத்திரைக்கு இனி அது கட்டுப்படாது என்றார் டாக்டர். ஊசியை மட்டும் ஏற்றினார்கள். பார்வை போயிற்று. அதற்கப்புறம் நாலு நாள்தான் இருந்தார்.

அதில் ஒருநாள் கட்டிலருகே நின்று பொரிந்து தள்ளினேன். "தினமும்னு டாக்டரு சொன்னது காதுல விழலீங்களா? என்னைக்குத்தான் நீங்க என் பேச்சக் கேட்டீங்க?"

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உன் பேச்சத்தான புள்ள கேட்டேன்" என்றார்.