ஞாயிற்றுக்கிழமைக் கொலைகாரர்கள்

பாண்டிராஜ் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வயது நாற்பத்திரண்டு. சாரல் மாதங்களில் அவனுக்கு உட்காரக்கூட நேரம் இருக்காது. பிறகு ஐயப்ப சாமிகள் வந்து போவார்கள். தை பிறந்துவிட்டால் வைகாசி வரைக்கும் முப்பத்தாறு அறைகளும் பூட்டிக் கிடக்கும். சாப்பாட்டுக்கூடத்து மேசைகளின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, விளையாடுவதற்காக அவற்றில் நான்கை மட்டும் இறக்கிப் போடுவான்.

பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்ற விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். என்ன செய்கிறோம் என்பதை அவரவர் சொல்லலாம். பூட்டு உடையுமா, பொய் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் பாண்டிராஜ் ஊர் திரும்பியபோது பகடைகள் இருந்த சுருக்குப்பை பெட்டியின் அடியில் கிடந்தது. அப்பா போனபின் அவனிடம் மிஞ்சியது இந்த லாட்ஜ் வேலையும் அந்தப் பையும்தான்.

முதலில் நல்லவர்களின் கதையைத்தான் தொடங்கினான். ஒரு பூதம், அதை அடக்கப் போகும் மூன்று வீரர்கள். இரண்டாவது வாரமே சுந்தரபாண்டியன் சலித்துக்கொண்டார். அவர் அருவிக்கரை அவுட்போஸ்ட்டில் ஏட்டு. பாறையில் ஏறாதே, தடுப்பைத் தாண்டாதே என்று விசிலடித்து வாரமெல்லாம் மனிதர்களைக் காப்பாற்றுகிறேன், ஞாயிற்றுக்கிழமையும் இதே வேலையா என்று கேட்டார். அடுத்த வாரம் அவர் கொள்ளைக்காரனாக வந்தார். பாவூர்சத்திரத்திலிருந்து கொல்லத்துக்குத் தக்காளி ஏற்றிப்போகும் டெம்போ டிரைவர் சேக் மைதீன் திருடனானார். ஒரு பெட்டி குறைந்தால் ராத்திரி தூக்கம் வராத மனிதர் அவர். தென்காசியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மங்களேஸ்வரி, விஷம் வைக்கிற பெண்ணாக மாறினாள். மருக்கொழுந்து என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

கெட்டவர்களுக்குக் கதை நடத்துவது கஷ்டம் என்று பாண்டிராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூவரும் முதல் நாளே ஓர் ஊரைக் கொளுத்தினார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. மூவரில் யாருக்கும் மனசில் ஒன்றும் தைக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு அடுத்த ஊர் எங்கே என்று கேட்டார்கள்.

அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். மாடிப்படிக்கு அடியில் லாட்ஜின் பழைய வருகைப் பதிவேடுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. முதலாளி கொளுத்தச் சொல்லியிருந்தார். அவன் கொளுத்தவில்லை. அவற்றில் ஒரு வரியிலிருந்து பெயர், இன்னொன்றிலிருந்து வயது, வேறொரு பக்கத்திலிருந்து ஊரும் தொழிலும் எடுத்துக் கலந்து, வாரா வாரம் ஒரு பட்டியல் எழுதிக்கொள்வான். கதையில் யாரைக் கொன்றாலும் உடனே அவர்களுடைய நான்கு விவரங்களையும் வாசித்துவிடுவான். வாசித்தபின் அந்தச் சாவு மாறாது. பெயரில்லாமல் ஒருவரும் சாக முடியாது என்பது அந்த மேசையின் சட்டம்.

அதன் பிறகு மூவரும் கொல்வதற்கு முன் யோசித்தார்கள். யோசித்துவிட்டுக் கொன்றார்கள். ஆனால் சேக் மைதீன் ஒருமுறை, போன மாதம் செத்த சுரண்டைத் தையல்காரனின் கடையை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார். பாண்டிராஜுக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

போன மாசியில் ஒரு ஞாயிறு. மூன்றாம் மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. பிளம்பரைத் தேடியதில் காலை போயிற்று. பட்டியல் எழுதவில்லை. கைக்கு வந்த ஒரு பதிவேட்டை எடுத்துக்கொண்டு கதை சொல்ல உட்கார்ந்தான்.

அன்றைய கதையில் மூவரும் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். பக்கத்து அறையில் தனியாக ஒரு வழிப்போக்கர். அவர் தூங்கியதும் திருடன் உள்ளே போய் மூட்டையைத் துழாவினான். சேக் மைதீனுக்குப் பதினெட்டு விழுந்தது. மூட்டையில் என்ன இருந்தது என்று பாண்டிராஜ் சொல்வதற்குள் வழிப்போக்கர் இருமிவிட்டார். விழித்துக்கொள்வார், கத்துவார் என்று மருக்கொழுந்து அவருடைய செம்பில் விஷத்தைக் கலந்தாள். மங்களேஸ்வரி பகடையை உருட்டினாள். இருபது. மேசையைத் தட்டிச் சிரித்தாள். சரி, பெயரை வாசியுங்கள் என்றாள்.

பாண்டிராஜ் பதிவேட்டைத் திறந்து, விரல் பட்ட வரியை அப்படியே வாசித்தான்.

“குற்றாலிங்கம். அம்பத்திரண்டு. வடகரை. தேங்காய் வியாபாரம்.”

அவள் சிரிப்பு நின்றது. என்ன வருஷம் என்று கேட்டாள். இரண்டாயிரத்து ஏழு, பிப்ரவரி என்றான். அவள் எழுந்து வந்து பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வடகரையிலிருந்து தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு புனலூருக்குப் போன அவளுடைய அப்பா திரும்பி வரவில்லை என்பது மற்ற மூவருக்கும் தெரியும். அப்போது அவளுக்குப் பத்து வயது. செத்ததாகவும் சேதியில்லை, இருப்பதாகவும் சேதியில்லை. அம்மா சங்கரம்மாள் இன்றும் தலையில் பூ வைத்துக்கொள்கிறாள். அப்பாவின் பெயரை மட்டும் மங்களேஸ்வரி அவர்களிடம் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மற்ற இருவரும் வந்து, நாற்காலிகளை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பாண்டிராஜ் அந்தப் பக்கத்தை எடுத்து எடுத்துப் பார்த்தான். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் ‘சொந்த வேலை’ என்று இருந்தது. மாசியில் அருவியில் தண்ணீர் இருக்காது. குளிக்க வந்திருக்க முடியாது.

மூன்றாவது வாரம் தென்காசிக்குப் போய் அவள் கடையில் தலைவலி மாத்திரை கேட்டான். கடையில் வேறு ஆள் இல்லை. அவள் மாத்திரையை உறையில் போட்டாள்.

“அந்தக் கையெழுத்து அவரோடதுதாண்ணே. பழைய ரேஷன் கார்டோட வச்சுப் பாத்தேன்.”

அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டான். இல்லை என்று தலையசைத்தாள். அவர் காணாமல் போய்ப் பத்து வருஷம் கழித்து வந்த அந்த பிப்ரவரியில் அவள் குற்றாலத்தில்தான் கல்லூரி விடுதியில் இருந்தாளாம். லாட்ஜிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். அவர் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறார். வந்து பார்க்கவில்லை. விடுதி வாசல்வரை வந்தாரா என்பதும் தெரியாது. இத்தனை வருஷம் இப்படி ஒரு கேள்வியே இல்லாமல் இருந்தது என்றாள்.

பாண்டிராஜ் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “வெஷம் ஏறலன்னு ஆக்கிருதேன் மங்களம். பொழச்சுக்கிட்டாருன்னு வச்சுக்கிடுவோம்.”

“அது கள்ளாட்டம்லா. இருபது போட்டேன். நீங்களும் பேர வாசிச்சாச்சு.”

அவன் திரும்பினான். படியிறங்கும்போது அவள் பின்னாலிருந்து சொன்னாள்: “ஞாயித்துக்கெழம வாரேன்.”

வந்தாள். நான்கு நாற்காலிகள் இறக்கப்பட்டன. சுந்தரபாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் கொள்ளைக்காரன் இனிமேல் யாரையும் வெட்டப் போவதில்லை, மனம் திருந்திவிட்டான் என்று அறிவித்தார். சேக் மைதீனும் தலையாட்டினார். இருவரும் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

“ஏட்டையா,” என்றாள் மங்களேஸ்வரி. “வாரம் பூரா எல்லாரும் எங்கிட்ட நல்லாத்தான் பேசுதாங்க. நீங்களும் திருந்திட்டா நான் எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?”

சுந்தரபாண்டியன் சற்று யோசித்தார். “அப்ப திருந்தல,” என்றார்.

அந்த வழிப்போக்கரைப் புதைக்க வேண்டும் என்றாள் அவள். இதுவரை அந்த மூவரும் தாங்கள் கொன்ற யாரையும் புதைத்ததில்லை. கொள்ளைக்காரன் குழி தோண்டினான். இதற்குப் பகடை தேவையில்லை என்று பாண்டிராஜ் சொன்னபோது, உருட்டித்தான் ஆக வேண்டும் என்று சுந்தரபாண்டியன் உருட்டினார். ஆறு. பாறை தட்டியது. மறுபடி வேறு இடத்தில் தோண்டினார். பதினொன்று. போதும் என்றான் பாண்டிராஜ். இவ்வளவு பெரிய கொள்ளைக்காரனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லையே என்று சேக் மைதீன் சொன்னார்.

மங்களேஸ்வரி பகடையைக் கையில் வைத்து உருட்டாமல் இருந்தாள்.

“எதுக்கு அந்தச் சத்திரத்துக்கு வந்தாரு? மருக்கொழுந்து மூட்டையப் பாக்கா.”

உருட்டினாள். நான்கு. பாண்டிராஜ் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பகடை எல்லார் கண்முன்னும் கிடந்தது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றான். சரி, விடுங்கள் என்றாள் அவள்.

சேக் மைதீன் முன்னால் சாய்ந்தார். “நான் அன்னைக்கே தேடுனேம்லா. பதினெட்டு. என்ன இருந்துச்சுன்னு நீங்க இன்னும் சொல்லல.”

அது உண்மைதான். வழிப்போக்கர் இருமியதில் விட்டுப்போயிருந்தது. பாண்டிராஜ் பதிவேட்டை மூடினான். அதில் அதற்குமேல் எதுவும் இல்லை. மூவரும் காத்திருந்தார்கள். வெளியே ஒரு குரங்கு தகரக் கூரையில் நடந்து போகும் சத்தம் கேட்டது.

“ஒரு வேட்டி. ஒரு துண்டு,” என்றான். “அப்பறம் ஒரு பேப்பர்ப் பொட்டலம். உள்ள புது ரப்பர் செருப்பு. சின்னப் பிள்ளைக்கு உள்ளது. ஒரு பத்து வயசுப் பிள்ளை போடுத அளவு.”

மங்களேஸ்வரி குனிந்திருந்தாள்.

“எனக்கு அப்ப இருபது வயசுண்ணே.”

“அவருக்கு எப்பிடித் தெரியும்?”

சுந்தரபாண்டியன் தேநீர் சொல்லப் போகிறவர் மாதிரி எழுந்து, பிறகு உட்கார்ந்தார். இது கதைதானே என்று அவள் மெதுவாகக் கேட்டாள். கதைதான் என்றான் பாண்டிராஜ். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பாத்திரத்தின் உடைமைகளை எழுதி வைக்கும் தாளைப் பக்கத்தில் இழுத்தாள். அதில் மூன்று வகை விஷம், ஒரு குத்தூசி, திருடிய பட்டுச்சேலை ஒன்று என்று வரிசையாக இருந்தது.

“அந்தச் செருப்ப மருக்கொழுந்து எடுத்துக்கிடுதா.”

“காலுக்குப் பத்தாது,” என்றான்.

“இருக்கட்டும்.”

பட்டுச்சேலைக்குக் கீழே எழுதிக்கொண்டாள். பிறகு குழியை மூடச் சொன்னாள். கொள்ளைக்காரன் மூடினான். இதற்கு யாரும் பகடை கேட்கவில்லை.

“அடுத்து எந்த ஊரு?” என்று கேட்டாள்.