சினைக் கெளுத்தியும் அண்ணனின் ஸ்டீல் ஸ்கேலும்

எங்கள் அண்ணன் சேரப்பணஞ்சேரியில் பிறந்து, ஒரகடத்துத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து அளந்தே ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். நல்லவர், மகா பிடிவாதக்காரர். இந்த நினைவு மலரில் புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டாகியும் எரிச்சல் தீரவில்லை.

எங்கள் ஏரியில் கெளுத்தி குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறையாவது முட்டையிட்ட மீன்தான் வலையில் விழ வேண்டும் என்றார் அண்ணன். எந்த நீளத்தில் பெண் மீன்களில் பாதிக்காவது சினை பிடிக்கிறது என்று தெரிந்தால், வலைக்கண்ணை அதற்கேற்ப வைக்கலாமாம். மூன்று மழைக்காலம், ஞாயிறுதோறும் மீன்கார அக்காவின் கூடையை வாங்கி, ஸ்டீல் ஸ்கேலில் அளந்து, வயிற்றைக் கீறிப் பார்த்து நோட்டில் எழுதினார்.

கணக்கு கிட்டத்தட்ட ஒரு சாண் என்று வந்தது. வலைக்காரர்கள் சிரித்தார்கள்.

"இன்னாண்ணே, அவ்ளோ பெரிய கண்ணு வச்சா தண்ணிதான் வரும், கெளுத்தி வராது!"

பழைய வலையையே போட்டார்கள். அண்ணன் நொந்துபோனார்.

அண்ணனின் கடைசி வாரத்தில் மருத்துவமனைக்கு அவரைப் பார்க்க வந்த மீன்கார அக்காதான் போட்டு உடைத்தார்.

"சினை மீனுல முக்காவாசிய வயித்த அமுக்கிப் பாத்து, உன் தங்கச்சிக்கும் நாலு வாடிக்கைக்கும் எட்த்து வச்சிட்டுத்தானேண்ணே உன்கிட்ட கூடையத் தர்றேன்? அறுத்துப் பாக்குற மீனுக்கு சினை எதுக்குன்னு நெனச்சேன்."

அந்தத் தங்கச்சி நான்தான். அந்தச் சினை மீன் குழம்பைத்தான் ஞாயிறு மதியம் என் வீட்டில் அண்ணன் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். "சினை ஜோரா கீதும்மா!" என்பார். ஒரு நாளாவது இது ஏது என்று கேட்டாரா? நானாவது வாயைத் திறந்தேனா? சே!

"அப்போ மொதல்லேர்ந்து அளக்கணும்" என்று மட்டும் சொன்னார் அண்ணன். நான்காம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் நோட்டையும் ஸ்கேலையும் நான் எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தேன். இந்த மழைக்கு எதையும் ஒதுக்காமல் முழுக் கூடையையும் தந்த மீன்கார அக்காவுக்கும், புதுக் கணக்குப்படி ஒரு பருவம் வலை போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்ட வலைக்காரர்களுக்கும், மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நான் முதலில் கீறிய மீன் அரைச் சாண்கூட இல்லை. வயிறு நிறையச் சினை. அந்த அளவு மீனை அண்ணன் என் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார். ஒருமுறைகூட அளக்கவில்லை.