கோழியில்லாத வீடு

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் கோழி இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது மருதேவி வீடு. ஜைனக் குடும்பம், முட்டையைக்கூடத் தொடமாட்டார்கள். ஆனால் தெருக்கோழிகளுக்கெல்லாம் நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து போடுகிறவள் அவள்தான். கால்நடை முகாம் ஒன்றில் கற்றுக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, கோழிகள் அடையும் நேரத்துக்கு ஐஸ் பிளாஸ்க்கோடு வந்து நிற்பாள்.

"கறி திங்காதவளுக்குக் கோழி மேல என்னாடி இவ்ளோ கரிசனம்?" என்று சீண்டுவேன்.

"திங்காததாலதான் அக்கா," என்பாள்.

வெயில் ஏற ஆரம்பித்தபோது, அந்தத் தடவைச் சொட்டு போடுவதற்கு முன்னாலேயே, பக்கத்துத் தெருவில் நோய் வந்தது. பிறகு என் சேவல் தலையைத் தொங்கப் போட்டது. அது சும்மா சேவல் இல்லை. என் மகள் கவியாவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது நல்லபடியாகப் பிறந்தால் அறுக்கிறேன் என்று முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். கவியாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. சாமிக்கு விட்டது நோயில் செத்தால் என்ன அர்த்தம்? ஓடிப்போய் மருதேவியைக் கூட்டிவந்தேன்.

அவள் எட்ட நின்றே பார்த்தாள். கழிச்சல் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. சேவல் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

"வெள்ளைக்கழிச்சல் அக்கா. வந்த பின்னாடி இதுக்கு மருந்து கெடயாது. இது இங்க இருந்தா மத்ததும் போய்டும்."

"அதுக்கு? அறுத்துடச் சொல்றியா?"

"நான் எப்பிடிக்கா அதச் சொல்வேன்?"

என்னாலும் முடியாது. சாமிக்கு விட்டதை வீட்டில் அறுக்கக் கூடாது. எங்கே கொண்டுபோய் வைக்கலாமென்றால், எந்த வீட்டிலும் கோழி இருக்கிறது.

"எங்க வூட்ல இல்லியே," என்றாள் மருதேவி.

கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்ற அவள் கணவர் அஜிதன் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விறகு அறையைத் திறந்துவிட்டார். அவள் சோப்புப் போட்டுக் குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்து என் மற்ற கோழிகளுக்குச் சொட்டு போட்டாள்.

"உள்ள ஏற்கனவே நோய் இருந்தா இதுங்களும் சாவும். அப்ப என்னத் திட்டாத."

சொன்னபடியே இரண்டு பெட்டைகள் செத்தன. நான் திட்டத்தான் செய்தேன். பயத்தில் வாய் எங்கே நிற்கிறது? அவள் பாட்டுக்கு ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். சேவலைப் பார்க்க என்னை விடவில்லை. என் காலோடு நோய் திரும்பி வந்துவிடுமாம். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுகிறாள் என்று அஜிதன் சொன்னார். விடியும்போதெல்லாம் அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடப்பேன். கூவல் இல்லை. போன் அடித்தால் கவியா வீட்டிலிருந்தோ என்று ஓடுவேன்.

கவியாவுக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். சில நாளில் சேவலும் கூவியது. ஆனால் அதன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது. இந்த நோயில் பிழைத்தால் சிலதுக்கு அப்படி ஆகுமாம்.

தீட்டுக் கழிந்து கோயிலுக்குக் கொண்டுபோனேன். "ஊனமானத சாமிக்கு வெக்கக் கூடாதும்மா, வேற கொண்டா," என்று பூசாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

சேவலை மருதேவியிடமே கொடுத்தேன். "அப்போ இது தப்பிச்சிது," என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "வேற எது?"

அவள் சொட்டு போட்டுப் பிழைத்த இளஞ்சேவலைக் காட்டினேன். அவள் சிரிப்பு போய்விட்டது. "கவியாவும் கொழந்தையும் நல்லாருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேண்டுதலை முடித்தேன். முடிக்காமல் இருக்க முடியுமா? ஆனால் இனி அவள் என் வாசலை மிதிக்கமாட்டாள் என்று நினைத்து அழுதேன்.

அடுத்த தடவை மருந்து போட வந்துவிட்டாள், வழக்கம்போல பொழுது சாயும் நேரத்தில், பிளாஸ்க்கோடு. ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து அதன் கண்ணை விரித்துச் சொட்டு விட்டவள், என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"இதுல எது சாமிக்குனு எங்கிட்ட மட்டும் சொல்லாத அக்கா."